செனட் ஹவுஸ்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கும், ஒரு காலத்தில் பட்டமளிப்பு விழா நடந்த மண்டபமான செனட் ஹவுஸைப் பற்றி நான் அடிக்கடி பேசுவேன், எழுதுவேன். அதனால் நண்பர்களும் சொந்தக்காரர்களும் வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களும் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எந்தக் கட்டடத்தைச் சொல்கிறீர்கள்? மணிக்கூண்டு இருக்கிறதே, அதுவா?

இல்லை, நிறையப் பேர் குழப்பிக்கொள்வது இங்கேதான். கடற்கரைச் சாலையில் போகும்போது கண்ணில் படும் மணிக்கூண்டு பல்கலைக்கழக நூலகத்துடையது. அந்தக் கட்டடம் 1936-ல் திறந்தது, செனட் ஹவுஸுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் இளையது. அந்தக் கட்டடம் வருவதற்கு முன்பே, 1924-ல், பல்கலைக்கழக நூலகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் எஸ். ஆர். அரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று இன்றும் அவரைச் சொல்கிறோம். அதுவும் அருமையான கதைதான், ஆனால் வேறு கதை.

செனட் ஹவுஸ் என்பது வாலாஜா சாலையும் கடற்கரைச் சாலையும் சந்திக்கிற பக்கம், நான்கு மூலையிலும் கோபுரமும் அதன் தலையில் குமிழ் போன்ற குவிமாடமும் வைத்து நிற்கிற சிவப்புக் கட்டடம். 1874-ல் வேலை தொடங்கி 1879-ல் முடிந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம்.

சிஷோம் யார்? கேள்விப்பட்ட பெயராக இல்லையே.

பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம், அவர் கட்டியதைப் பார்க்காமல் சென்னையில் ஒரு நாள் சுற்றியிருக்க முடியாது. கடற்கரையில் மாநிலக் கல்லூரி, பாரிமுனைப் பக்கம் பெரிய தபால் நிலையம், சென்ட்ரல் பக்கத்தில் விக்டோரியா பொது மண்டபம், எல்லாம் அவர் கை. திருவனந்தபுரம் போனால் நேப்பியர் அருங்காட்சியகம். பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் வேண்டும் என்று 1864-ல் அரசு வரைபடங்களைக் கேட்டபோது அவருக்கு வயது இருபத்து நான்குதான்.

எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்று உண்டு. இந்த ஊருக்கு என்ன மாதிரிக் கட்டடம் பொருந்தும் என்று ஊரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் அவர். பக்கத்திலேயே ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை, அதன் வளைவுகள், குவிமாடங்கள். தெற்கே பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை. இதையெல்லாம் உட்கார்ந்து படித்தார். மதராஸ் கலைப் பள்ளிக்கும் கொஞ்ச காலம் தலைமை வகித்தார், உள்ளூர்க் கைவினைஞர்களோடு நேரடியாகப் பழகினார். அதனால்தான் செனட் ஹவுஸில் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பாணி தெரியும், இஸ்லாமியக் கட்டடக்கலை தெரியும், தூண்களின் தலையைப் பார்த்தால் நம் ஊர்ச் சிற்பியின் உளியும் தெரியும். இந்தோ சாரசனிக் என்று இதற்குப் பெயர். பெயர் என்னவாக இருந்தாலும், இந்த வெயிலுக்கும் இந்தக் காற்றுக்கும் ஏற்ற கட்டடம்.

அவ்வளவு முக்கியமா? பல்கலைக்கழகம் அங்கேதானே தொடங்கியது?

தொடங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ல் சட்டத்தின் மூலம் பிறந்தது, அதே ஆண்டில்தான் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களும். அப்போது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில், பாடம் கல்லூரிகளில் நடக்கும், தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும் மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலை. முதன்முதலில் பி.ஏ. பட்டம் பெற்ற இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், கறோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும். பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம் பிள்ளைதான்.

அவர்கள் பட்டம் வாங்கி இருபது ஆண்டுக்குப் பிறகுதான் செனட் ஹவுஸ் எழுந்தது. ஆனால் எழுந்த பிறகு, அது ஒரு ஊரின் கட்டடமாக இருக்கவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ல் வருகிறது, ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926, அண்ணாமலை 1929. அதுவரை தெலுங்குப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, மலையாளப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, யாராக இருந்தாலும் பட்டம் என்றால் மதராஸ்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, தென்னிந்தியாவில் ஏராளமான குடும்பங்களில் அந்த முதல் ஆளின் சான்றிதழ் இந்தப் பல்கலைக்கழகத்தினுடையது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள், இருந்தாலும் இருக்கும்.

அந்த மண்டபத்தில் சட்டமன்றம் நடந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து, ராஜாஜி பிரதமராகப் பொறுப்பேற்ற 1937 ஜூலை 14 அன்று சட்டமன்றம் செனட் ஹவுஸில்தான் கூடியது. அந்தக் காலத்தில் மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 21 வரை கூட்டங்கள் இங்கேயே நடந்தன, அடுத்த ஆண்டு இன்றைய ராஜாஜி மண்டபத்துக்குப் போனார்கள். மொத்தம் 215 உறுப்பினர்கள்.

அந்த ஐந்து மாதங்களில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இரண்டாவது நாள்தான். ஜூலை 15 அன்று ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போனவர். பின்னாளில் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். எழும்பூரில் மார்ஷல்ஸ் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது, அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

வெள்ளைக்காரன் கட்டியது. அதை ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், நியாயமான கேள்வி. கட்டடம் எழுந்த ஆண்டுகளை மறுபடி பாருங்கள், 1874 முதல் 1879. நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் செத்தார்கள். அதே காலத்தில் இங்கே குவிமாடம் ஏறிக்கொண்டிருந்தது. செனட் ஹவுஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு, பஞ்ச நிவாரண வேலையாகப் பசித்த மக்களை வைத்து வெட்டியது, 1877-78-ல். வளாகத்துக்குள் விக்டோரியா மகாராணியின் சிலையும் உட்கார்ந்திருக்கிறது. நிலமும் நவாபின் அரண்மனைத் தோட்டம். கடைசி நவாபுக்கு வாரிசில்லை என்று சொல்லி அரண்மனையை ஏலத்தில் எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கட்டடத்தின் அழகை மட்டும் பேசினால் அது பொய்.

ஆனால் அந்த மண்டபத்தை வெள்ளைக்காரன் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை. வாசலில் நிற்கிற இன்னொரு சிலையைப் பாருங்கள், எஸ். சுப்பிரமணிய ஐயர். மதுரையில் வக்கீலாக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதியானவர், 1904-ல் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தர், பின்னாளில் ஆங்கில அரசு கொடுத்த பட்டங்களைத் தூக்கி எறிந்தவர். 1902-ல் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை எடுத்துவிடலாம் என்று பல்கலைக்கழகத்தில் பேச்சு வந்தபோது, பரிதிமாற்கலைஞர் என்று பெயர் மாற்றிக்கொண்ட சூரியநாராயண சாஸ்திரியார் அதை எதிர்த்து நின்றார். தமிழ் இருந்தது. அதே பல்கலைக்கழகம் அப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு தமிழ்ப் பேரகராதியை 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகளாக வெளியிட்டது, 1932-ல் உ. வே. சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. கும்பகோணத்திலிருந்து வந்து துறைமுகக் கழக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனுக்கு 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும் இதுதான். பட்டப்படிப்பை முடிக்காத ஒருவருக்கு!

ஆகவே என் பதில் இது: கட்டியது அவர்கள், உள்ளே நுழைந்து அதை நம்முடையதாக ஆக்கிக்கொண்டவர்கள் நம் ஆட்கள். நுழைந்தவர்களுக்காகத்தான் நான் அந்தக் கட்டடத்தைக் கொண்டாடுகிறேன்.

புதுப்பித்தார்கள் என்றால் என்ன செய்தார்கள்? இடித்துக் கட்டினார்களா?

இல்லவே இல்லை. பல்கலைக்கழகம் தன் நூற்றாண்டையொட்டி வேறு மண்டபம் எழுப்பி, பட்டமளிப்பு விழா அங்கே போன பிறகு, செனட் ஹவுஸின் பயன் குறைந்தது. புழங்காத வீடு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கடலுக்கு எதிரில் நிற்கிற கட்டடம் வேறு. 2000-களின் நடுவில், 2007-ல் வரவிருந்த 150-ஆவது ஆண்டை மனதில் வைத்து அதைச் சீர்செய்தார்கள்.

இந்த வயதுள்ள கட்டடத்தைச் சீர்செய்வதும் நம் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் ஒன்றல்ல, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு மூச்சு விடும். மழையில் சுவர் ஈரம் குடித்தாலும், வெயிலில் அந்த ஈரம் பூச்சு வழியாகவே வெளியே போய்விடும். சிமென்ட் அப்படி இல்லை, மூடிவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, கடல்காற்றின் உப்பும் அதோடு சேர்ந்து, செங்கல்லின் முகம் பொரிந்து மாவாக உதிரும். எங்கள் பாட்டி வீட்டில் இது கண் முன்னால் நடந்தது. நடையில் ஒரு சுவரில் பூச்சு விழுந்தது, வந்த கொத்தனார் நல்ல மனுஷன், கெட்டியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசிவிட்டுப் போனார். மூன்று மழைக்காலம் தாங்கியது. நான்காவதில் சிமென்ட் தகடு தகடாகக் கழன்று விழுந்தது, பின்னாலிருந்த செங்கல்லைக் கையால் கிள்ளி எடுக்க முடிந்தது. நூறு வருஷம் நின்ற சுவர் அது.

அதனால் இப்படிப்பட்ட கட்டடத்தில் பழைய கலவைக்கே திரும்ப வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, நாள் கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து. பளபளவென்று கண்ணாடி போல வர வேண்டிய இடத்தில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைப்பார்கள், மதராஸ் சுண்ணம் என்று ஊர் பெயரையே வாங்கிய பூச்சு அது. செட்டிநாட்டு வீடுகளில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு பழைய கட்டடத்தைச் சரியாகச் சீர்செய்தால் கூடவே ஒரு தொழிலும் இன்னொரு தலைமுறைக்கு மிஞ்சும், எனக்கு அதுவே பெரிய லாபமாகத் தெரிகிறது.

அப்புறம் வண்ணக் கண்ணாடிகள், வர்ணம் தீட்டிய பகுதிகள். இங்கே அவசரம் கூடாது. கோயில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு இயந்திரத்தால் கல்லைச் சுத்தம் செய்து, கல்வெட்டும் சிற்ப நுணுக்கமும் மழுங்கிப்போன கதை நமக்குத் தெரியாததல்ல. சுத்தம் ஆனது, சரித்திரம் போனது.

கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களின் செனட் கட்டடங்கள் என்ன ஆயின?

கல்கத்தாவில் 1872-ல் கட்டிய செனட் ஹாலை, பெரிய தூண்களோடு நின்ற அழகான கட்டடத்தை, 1960-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நூற்றாண்டுக் கட்டடம் வந்தது. பழைய படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். பம்பாயில் 1874-ல் முடிந்த பட்டமளிப்பு மண்டபமும் பக்கத்து ராஜாபாய் மணிக்கூண்டும் இருக்கின்றன, இரண்டையும் நன்றாகச் சீர்செய்திருக்கிறார்கள், 2018-லிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வரும் பகுதிக்குள்ளும் இருக்கின்றன. ஒரே ஆண்டில் பிறந்த மூன்று பல்கலைக்கழகங்களில் ஒன்று தன் மண்டபத்தை இழந்தது. நம்முடையதும் அப்படிப் போயிருக்கலாம். 1985-ல் சென்ட்ரல் பக்கத்துப் பழைய சந்தைக் கட்டடமான மூர் மார்க்கெட் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. செனட் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்து, அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரையே விட்டார். அந்த மகாலையும் பிறகு சீர்செய்து தூக்கி நிறுத்தினார்கள்.

உங்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்கே படித்தீர்களா?

நான் படிக்கவில்லை, அம்மா படித்தார். படித்தார் என்றால் வகுப்பில் உட்கார்ந்து அல்ல, அஞ்சல் வழியில். கரஸ் என்று சொல்வோமே, அது. பதினெட்டு வயதில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அப்புறம் முப்பது வயதுக்கு மேல் பி.ஏ. வரலாறு. செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி வந்து புத்தகக் கட்டு வாங்கிக்கொண்டு போவார், சில தடவை என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். வேலை முடிந்ததும் வளாகத்துக்குள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவோம், எதிரில் அந்தச் சிவப்புக் கட்டடம். அது என்ன அம்மா, கோட்டையா என்று கேட்டேன். பட்டம் கொடுக்கிற இடம் என்றார்.

அம்மாவுக்குப் பட்டம் தபாலில்தான் வந்தது. ஒரு அரியர் கூட இல்லாமல் முடித்தார். மேடையேறி வாங்கவில்லை, வீட்டில் யாரும் அதைப் பெரிய விஷயமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழை அப்பா சட்டம் போட்டு மாட்டலாம் என்றபோது வேண்டாம் என்று பீரோவில் வைத்துவிட்டார்.

கட்டடம் சீரான சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நிகழ்ச்சிக்காக உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தது, அம்மாவை அழைத்துப் போனேன். வெளியே கடற்கரைச் சாலையின் இரைச்சல், வாசலைத் தாண்டினால் சத்தம் சட்டென்று அடங்கியது. கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் தரையில் நீலமும் மஞ்சளுமாக விழுந்திருந்தது. அம்மா மெதுவாக நடந்து நடுவில் போய் நின்றார். தூணைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நான் படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, இரு என்று சொல்லி, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் சான்றிதழும், சட்டம் போட்டு.

சரி, அவ்வளவு செலவு செய்து சீர்செய்ததை என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

புழங்க வேண்டும். கூட்டங்கள், சொற்பொழிவுகள், கண்காட்சிகள், என்னவாக இருந்தாலும் மாணவர்களின் காலடி உள்ளே படுகிற மாதிரி. விழா நாளில் மட்டும் திறந்து மற்ற நாளில் பூட்டி வைத்தால் பூச்சி, ஈரம், புறா எல்லாம் திரும்பி வரும். அதோடு, தன் பல்கலைக்கழகத்தின் மிக அழகான அறையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஒரு பிள்ளை படித்து முடித்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. முதலாமாண்டு மாணவர்களை முதல் வாரத்திலேயே உள்ளே அழைத்துப்போய் அரை மணி நேரம் உட்கார வைத்தால் போதும், வேறொன்றும் சொல்லித்தர வேண்டாம். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கும், முக்கியமாக அவர்களுக்கு.

கட்டும்போது கடல் இவ்வளவு தள்ளியா இருந்தது?

இல்லை, ரொம்பக் கிட்டே இருந்தது. துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, அதற்குத் தெற்கே மணல் சேரச் சேரத்தான் மெரினா இவ்வளவு அகலமானது. கடற்கரை உலாச் சாலையை ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்ததே 1884-ல்தான், செனட் ஹவுஸ் முடிந்து ஐந்து வருஷம் கழித்து. முதலில் இங்கே பட்டம் வாங்கியவர்கள் வெளியே வந்து நின்றால் இன்றுள்ளதைவிட அலைச் சத்தம் பக்கத்தில் கேட்டிருக்கும்.

பார்க்க வேண்டுமென்றால் எப்படிப் போவது?

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பேருந்தில் வந்தால் அண்ணா சதுக்கத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். வெளியிலிருந்து பார்ப்பது எளிது, மண்டபத்துக்குள் போக வளாகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், இது அருங்காட்சியகம் அல்ல. ஆகஸ்டில் சென்னை தினத்தையொட்டி நடக்கிற மரபு நடைகளில் சேப்பாக்கம் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். விவரம் தெரிந்தவரோடு போனால் இரண்டு மடங்கு பார்க்கலாம். வெளிப்பக்கத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் காலையில் போங்கள், கிழக்கு வெயில் கடலிலிருந்து நேராகச் சுவரில் விழும்போது அந்தச் சிவப்பு வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். படிகள் இருக்கின்றன, கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிவிடுங்கள்.